போபாலை துணியில வரையறது எப்படி: எட்டு பேனல் தெருக் கண்காட்சிக்கு முழுமையான வழிகாட்டி

டிசம்பர் 2 ராத்திரி நெருங்கும்போது ஸ்கூல்லயோ காலேஜ்லயோ தெருவுலயோ, 1984-ல விஷவாயு கசிஞ்ச போபால் பத்தி ஏதாவது பண்ணணும்னு நெனைக்கறவங்களுக்காக இத எழுதறேன். நாங்க பண்றது துணிப்படம். நாலடிக்கு ஆறடி, மொத்தம் எட்டு, சுருட்டி கக்கத்துல வச்சுக்கிட்டு டவுன் பஸ்ல ஏறிடலாம், போற எடத்துல தொங்கவிட்டு ரெண்டு பேர் நின்னு கதை சொல்வாங்க. சுவர்ல வரையறதவிட இது நல்லதுன்னு சொல்றேன், ஏன்னா சுவர் ஒரு எடத்துலயே நிக்கும், துணி பத்து ஊர் போகும்.

புதுசா வர்ற பசங்க எல்லாரும் வந்ததும் பிரஷ்ஷ எடுத்துடறாங்க. பெயிண்ட் அடிக்கறது இதுல ஏழாவது வேலை. அதுக்கு முன்னாடி இருக்கற ஆறையும் தாண்டி குதிச்சவங்க யாரும் ஒரு நல்ல படம் போட்டு நான் பாக்கல.

ஆறு வாரம் வேணும். டிசம்பர் 3 காட்டணும்னா அக்டோபர் நடுவுலயே உக்காந்துடணும். எட்டு பேர் போதும்: ரெண்டு பேர் படிக்க, நாலு பேர் வரைய, ரெண்டு பேர் சொல்ல. படிக்கறவங்களும் சொல்றவங்களும் ஒரே ஆளா இருந்தா இன்னும் நல்லது.

1. மொதல்ல ஒரே ஒரு வரி எழுதுங்க

பாக்கறவங்க வீட்டுக்கு போகும்போது மனசுல என்ன எடுத்துட்டு போகணும், அத ஒரு வரியில எழுதி எல்லாரும் பாக்கற மாதிரி ஒட்டி வைங்க. "விஷவாயு விழிப்புணர்வு"ன்னு எழுதுவாங்க, அது வரி இல்ல, அது பேனர் தலைப்பு. எங்களோட வரி: வாயு ஒரே ராத்திரியில கலைஞ்சிருச்சு, பாதிப்பு இன்னும் கலையல.

இது எதுக்குன்னா, பாதி வேலையில சண்ட வரும். ஒருத்தர் மண்டை ஓடு வேணும்பாங்க, இன்னொருத்தர் கம்பெனிக்காரர் மொகம் வேணும்பாங்க. அப்போ அந்த வரிய காட்டி, இந்த படம் இதுக்கு உதவுதான்னு கேட்டா போதும், யாரையும் புண்படுத்தாம முடிவு எடுத்துடலாம்.

2. எண்களை யார் சொன்னாங்கன்னு சேத்து எழுதுங்க

அடிப்படை விஷயம் எட்டு பேருக்கும் மனப்பாடமா தெரியணும். போபால்ல இருந்த யூனியன் கார்பைடு இந்தியா லிமிடெட் ஆலை, செவின்ங்கற பூச்சிக்கொல்லி தயாரிச்சது. அதுக்கு வேண்டிய மீதைல் ஐசோசயனேட்ட அங்கயே டேங்க்ல தேக்கி வச்சிருந்தாங்க. 1984 டிசம்பர் 2 ராத்திரி இ610ங்கற டேங்க்ல தண்ணி எறங்கி, உள்ள இருந்த சுமார் 42 டன் கெமிக்கலோட வினை புரிஞ்சு, சூடும் அழுத்தமும் ஏறி வாயு வெளிய வந்துச்சு. டேங்க்க குளிர வைக்கற மெஷின நிறுத்தி பல மாசம் ஆகியிருந்தது, வாயுவ கழுவற ஸ்கிரப்பர் சும்மா நின்னுச்சு, எரிச்சு விடற கோபுரத்துக்கு போற பைப்ப ரிப்பேருக்காக கழட்டி வச்சிருந்தாங்க. தண்ணி பீய்ச்சி அடிச்சாங்க, வாயு வெளியேறின உயரத்துக்கு அது எட்டவே இல்ல.

இது வரைக்கும் சுலபம். எத்தன பேர் செத்தாங்கன்னு வரும்போது தான் தடுமாறுவீங்க, ஏன்னா ஒரே எண் கெடையாது. ஆரம்பத்துல அரசு சொன்னது 2,259. மத்தியப் பிரதேச அரசு பின்னாடி 3,787ன்னு உறுதி பண்ணுச்சு. 2010-ல மத்திய அரசு சுப்ரீம் கோர்ட்ல போட்ட மனுவுல 5,295. பாதிக்கப்பட்டவங்க அமைப்புகள், பின்னாடி வந்த வருஷங்கள்ல நோயில செத்தவங்களையும் சேத்து 20,000-த்த தாண்டும்னு சொல்றாங்க. காயம்பட்டவங்க 5,58,125ன்னு 2006-ல அரசே பிரமாணப் பத்திரத்துல சொல்லியிருக்கு.

எங்க மொத கண்காட்சியில பெரிய எண்ணை மட்டும் கொட்ட எழுத்துல போட்டிருந்தோம். ஒரு பெரியவர் வந்து "கவர்மென்ட் கணக்கு வேறயாச்சே தம்பி, யார் சொன்னது இது"ன்னு கேட்டார், சொல்றதுக்கு நின்ன பையனுக்கு பதில் தெரியல. கூட்டம் அப்படியே கலைஞ்சு போச்சு. அவர் கேட்டதுல தப்பே இல்ல. அதுலேர்ந்து நாலு எண்ணையும் ஒண்ணுக்கு கீழ ஒண்ணா போட்டு பக்கத்துல யார் சொன்னாங்கன்னும் எழுதறோம். அப்படி போட்டா இன்னொண்ணும் நடக்குது, செத்தவங்கள எண்ணி முடிக்கவே இத்தன வருஷமாச்சான்னு பாக்கறவங்க அவங்களாவே கேக்கறாங்க.

3. ரெண்டு பாதிப்ப கலக்காதீங்க

அதிகமா நடக்கற தப்பு இது தான், கொஞ்சம் நிதானமா படிங்க.

போபால்ல நடந்தது ஒண்ணு இல்ல, ரெண்டு. ஒண்ணு அந்த ராத்திரி வாயு. அதுல நுரையீரலும் கண்ணும் போனவங்க இருக்காங்க, அவங்க பிள்ளைங்க பேரப்பிள்ளைங்க வரைக்கும் அந்த ராத்திரியோட பாதிப்பு தொடருதான்னு இன்னைக்கும் கேள்வி நிக்குது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நடத்திட்டு வந்த நீண்டகால ஆய்வுகள 1994-லயே நிறுத்திட்டாங்கங்கறதையும் இங்க சொல்லணும்.

இன்னொண்ணு தண்ணி. ஆலை ஓடின வருஷங்கள்ல கழிவ வளாகத்துக்குள்ளயே குழி வெட்டி கொட்டினாங்க, வெளிய குளம் மாதிரி கட்டி கழிவுத்தண்ணிய வெயில்ல ஆவியாக விட்டாங்க. அது கசிஞ்சு நிலத்தடி நீர்ல கலந்துச்சு. இந்த தண்ணிய குடிச்சவங்கள்ல ரொம்ப பேர் 1984-க்கு அப்புறம் பொறந்தவங்க, இல்ல அப்புறம் குடி வந்தவங்க, அந்த வாயுவ சுவாசிச்சதே இல்ல. அட்டல் அயூப் நகர், அன்னு நகர், ப்ளூ மூன் காலனின்னு ஆலைய சுத்தி இருக்கற குடியிருப்புங்க இந்த ரெண்டாவது கதையில வரும்.

பசங்க என்ன பண்றாங்கன்னா, வாயு படத்துக்கு பக்கத்துலயே ஒரு சின்ன கொழந்தைய வரைஞ்சு "இன்றும் பாதிப்பு"ன்னு எழுதிடறாங்க. எதனால பாதிப்பு, வாயுவா தண்ணியா? பாக்கறவங்களுக்கு புரியாது. புரியலன்னா "அது அந்த காலத்துல நடந்தது"ன்னு மனசுல மூடிடுவாங்க. தண்ணிக் கதை தனியா தெரிஞ்சா தான் இது இன்னும் முடியலன்னு ஒறைக்கும். அதனால ஒரு சார்ட்ல நடுவுல கோடு போட்டு, எடது பக்கம் வாயு வலது பக்கம் தண்ணின்னு எழுதி, நீங்க படிக்கற ஒவ்வொரு விஷயத்தையும் எந்த பக்கம்னு முடிவு பண்ணி போடுங்க.

4. எத வரையக்கூடாதுன்னு மொதல்ல முடிவு பண்ணுங்க

போபால்னு தேடினா மொதல்ல வர்றது மண்ணுல பாதி பொதைஞ்ச அந்த கொழந்தையோட மொகம். ரகு ராயும் பாப்லோ பார்த்தலோமியூவும் தனித்தனியா எடுத்த படங்கள், உலகம் பூரா தெரியும். அத பாத்து துணியில வரையாதீங்க. போட்டோ அவங்க உரிமைங்கறது ஒரு காரணம். அதவிட பெரிய காரணம், அது யாரோ பெத்த பிள்ள, அந்த பிள்ளையோட பேர் கூட தெரியல.

ஜப்பான்ல மினமாட்டாவுல பாதரசத்தால பாதிக்கப்பட்ட ஒரு பொண்ண அம்மா குளிப்பாட்டற படம் 1971-ல யூஜின் ஸ்மித் எடுத்தது. அந்த நோய் பத்தி உலகத்துக்கு தெரிய வச்சதுல அதுக்கு பெரிய பங்கு உண்டு. ஆனா வருஷங்கள் போகப் போக பொண்ணோட அப்பா அம்மா இனி எங்க பிள்ளைய விட்டுடுங்கன்னு கேட்டாங்க. உரிமை வச்சிருந்த, யூஜினோட மனைவியா இருந்த ஐலீன் ஸ்மித் அந்தப் படத்த பத்தி முடிவு பண்ற உரிமைய 1998-ல பெத்தவங்ககிட்டயே குடுத்துட்டாங்க. நல்ல நோக்கத்துக்காக எடுத்த படத்துக்கே இந்த நெலமைன்னா, நாம எவ்வளவு யோசிக்கணும்.

அதனால எங்க குழுவுல மூணு கட்டுப்பாடு வச்சிருக்கோம். செத்தவங்க மொகம் வரையறதில்ல. மாற்றுத்திறனாளி கொழந்தைங்கள பயமுறுத்தற பொருளா காட்டறதில்ல. அந்த கொழந்தை இத பாத்தா என்ன நெனைக்கும்னு கேட்டுக்குவோம். உயிரோட இருக்கற ஒருத்தர் சொன்னத எழுதணும்னா, அவங்களே பொதுவெளியில பேசினதா இருந்தா மட்டும் எழுதுவோம்.

சரி, மனுஷங்கள வரையலன்னா என்னத்த வரையறது? பொருளை. போபால்ல 2014 டிசம்பர்ல, பாதிக்கப்பட்டவங்களே சேந்து ஒரு மியூசியம் தொறந்தாங்க. செத்தவங்க போட்டிருந்த துணிமணி, வீட்டு சாமான் இதெல்லாம் வச்சிருக்காங்க, அந்த குடும்பத்துக்காரங்க பேசறதையும் பக்கத்துலயே கேக்கலாம். அங்க போக முடிஞ்சவங்க அவசியம் போயிட்டு வாங்க. ஒரு சின்ன சட்டைய பாத்தா வர்ற துக்கம், ரத்தக்களரியான படத்த பாத்து வராது.

5. பேனல் வரிசை: இன்னைக்கிலேர்ந்து ஆரம்பிங்க

புதுசா வர்றவங்க ஆலை கட்டின வருஷத்துலேர்ந்து ஆரம்பிப்பாங்க. மூணாவது பேனல் வர்றதுக்குள்ள ஆளுங்க போயிடுவாங்க. நாங்க பல தடவ மாத்தி மாத்தி வச்சு பாத்து நின்ன வரிசை இது.

ஒண்ணு, செவப்பு அடிபம்பு. தண்ணி கெட்டுப் போச்சுன்னு தெரிஞ்சப்புறம் ஆலைய சுத்தி இருந்த அடிபம்புங்களுக்கு செவப்பு பெயிண்ட் அடிச்சு குடிக்க லாயக்கில்லன்னு எழுதி வச்சாங்க. துணி முழுக்க அந்த ஒரு பம்பு, பக்கத்துல ஒரு காலி கொடம். வேற ஒண்ணும் வேணாம்.

ரெண்டு, டேங்கும் வேலை செய்யாத பாதுகாப்பும். மூணு, எச்சரிக்கை: 1981 டிசம்பர்ல ஃபாஸ்ஜீன் கசிஞ்சு ஒரு தொழிலாளி செத்தார், 1982-ல ராஜ்குமார் கேஸ்வானிங்கற உள்ளூர் பத்திரிகையாளர் இந்த ஊரக் காப்பாத்துங்கன்னு தன்னோட சின்ன வாரப்பத்திரிகையில எழுதினார். யாரும் கேக்கல. நாலு, அந்த ராத்திரி. எட்டுல ஒண்ணு தான் அதுக்கு, அதுக்கு மேல குடுக்காதீங்க.

அஞ்சு, காகிதம். 1989-ல கம்பெனியோட 47 கோடி டாலர்ல சமரசம் முடிஞ்சு, பாதிக்கப்பட்டவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு மொதல்ல கெடச்சது 25,000 ரூபா. 2010-ல கோர்ட் இந்திய கம்பெனி அதிகாரிங்க ஏழு பேருக்கு ரெண்டு ரெண்டு வருஷம் தண்டனை குடுத்துச்சு. 2023 மார்ச்சுல, கூடுதல் நஷ்டஈடு கேட்டு மத்திய அரசு போட்ட மனுவ சுப்ரீம் கோர்ட் தள்ளிடுச்சு. இத ஃபைல் கட்டு கட்டா அடுக்கி, அது மேல ஒரு இன்ஹேலர் இருக்கற மாதிரி வரையறோம்.

ஆறு, தண்ணியும் மண்ணும். ஏழு, தொடப்பம்: போபால் பெண்கள் 2002-லேர்ந்து கையில தொடப்பத்தோட யூனியன் கார்பைட பின்னாடி வாங்கின டௌ கம்பெனிக்கு எதிரா எறங்கினாங்க, "ஜாடூ மாரோ டௌ கோ", அதாவது டௌவ தொடப்பத்தால அடிங்கங்கறது அந்த கோஷம். இந்த பேனல் இல்லன்னா பாக்கறவங்க அவங்கள பாவப்பட்ட ஜனங்கன்னு மட்டும் நெனச்சுட்டு போயிடுவாங்க, நாப்பது வருஷமா சண்ட போடறவங்கன்னு தெரியாமயே போயிடும்.

எட்டு, லாரி. 2025 ஜனவரியில ஆலைக்குள்ள கெடந்த 337 டன் கழிவ 12 கன்டெய்னர்ல ஏத்தி, மத்தியப் பிரதேசத்துலயே இருக்கற பீதம்பூருக்கு எரிக்க கொண்டு போனாங்க, அந்த ஊர் ஜனங்க எங்க ஊருக்கு வேணாம்னு போராடினாங்க, அந்த வருஷமே எரிச்சும் முடிச்சாங்க. மண்ணுலயும் நிலத்தடியிலயும் கலந்தது அந்த லாரியில ஏறல. அத ஒரு வரியா கீழ எழுதணும்.

6. துணியும் பிரைமரும்

காடா துணி வாங்குங்க. வாங்கின உடனே வரையாதீங்க, கஞ்சி போகற வரைக்கும் நல்லா ஊற வச்சு அலசி காய வைங்க. கஞ்சி இருந்தா பெயிண்ட் உள்ள எறங்காம மேலயே நிக்கும், அப்புறம் உதிரும். துவைச்சா துணி கொஞ்சம் சுருங்கும், அதனால அளவுக்கு மேல ஒரு ஜாண் சேத்து வாங்கிக்கோங்க.

டெய்லர்கிட்ட குடுத்து மேலயும் கீழயும் கழி நுழையற அளவுக்கு மடிச்சு தைக்க சொல்லுங்க. இத வரையறதுக்கு முன்னாடியே தைக்கணும், பெயிண்ட் காஞ்ச துணியில ஊசி எறங்காது. மேல மூங்கில் கழி, கீழ கொஞ்சம் கனமான கழி. கீழ கனம் இல்லன்னா காத்துல படம் சுருண்டுக்கும்.

பிரைமருக்கு ஃபெவிகாலும் தண்ணியும் கலந்து, அதுல சாக் பவுடர் போட்டு மோர் பதத்துக்கு கரைச்சு, ரெண்டு கோட் மெல்லிசா அடிங்க. பசங்க தோசை மாவு பதத்துல ஒரே கோட்டா அடிச்சுடறாங்க, அன்னைக்கு வழவழன்னு அழகா தான் இருக்கும், மொத தடவ சுருட்டும்போதே பாளம் பாளமா வெடிக்கும்.

கலருக்கு விலை அதிகமான டியூப் வேணாம். வெள்ளை எமல்ஷன் ஒரு டப்பா, அதுல கலக்கற ஸ்டெயினர் பாட்டில் செவப்பு, கருப்பு, மஞ்சள், நீலம். போர்டு எழுதறவங்க இத தான் வச்சு காலம் தள்ளினாங்க. அடர் கலர் தேவைப்படற எடத்துக்கு மட்டும், அதாவது அந்த பம்புக்கு, நல்ல அக்ரிலிக் செவப்பு ஒரு டப்பா தனியா வாங்குங்க. எமல்ஷன்ல ஸ்டெயினர் கலந்தா ரோஸ் தான் வரும், செவப்பு வராது.

7. இப்போ வரையலாம்: பச்சை மேகம் வேணாம்

மொதல்ல எட்டு பேனலையும் நோட்டுப் பக்கத்துல சின்னதா போட்டு பாருங்க, அப்புறம் கரித்துண்டால துணியில. கரி தட்டினா போயிடும், பென்சில் போகாது.

நாலாவது பேனலுக்கு எல்லாரும் பச்சை மேகம், மண்டை ஓடு, கேஸ் மாஸ்க் வரைவாங்க. அந்த வாயுவுக்கு கலரே கெடையாது. எங்க மொத படத்துல நானும் பச்சை மேகம் தான் போட்டேன், பாத்த கொழந்தைங்க கார்ட்டூன் பேய்னு நெனச்சு சிரிச்சாங்க. ரொம்ப வலிச்சுது எனக்கு.

அந்த ராத்திரிய பத்தி போபால்ல தப்பிச்சவங்க திரும்பத் திரும்ப சொல்றது என்னன்னா, யாரோ மொளகா எரிக்கற மாதிரி இருந்துச்சுன்னு தான். இத விட நமக்கு நெருக்கமா ஒண்ணு கெடைக்குமா? அடுப்புல வத்தல் கருகினா நம்ம வீட்டுல எல்லாரும் இருமிக்கிட்டே வாசலுக்கு ஓடுவோம்ல. அங்க ஓடினவங்க அதனாலயே இன்னும் அதிகமா சுவாசிச்சாங்க, ஓடும்போது மூச்சு வாங்குமே. அது காத்தவிட கனமான வாயு, தரையோட தரையா தவழ்ந்துச்சு, உயரம் கம்மியா இருக்கற கொழந்தைங்களுக்கு தான் மொதல்ல. ஈரத்துணிய மூக்குல வச்சுக்கிட்டா கொஞ்சமாவது தடுத்திருக்கும், அத சொல்ல அந்த ராத்திரி யாரும் வரல.

இப்போ எங்க நாலாவது பேனல் இப்படி: கருப்பு துணி, நடுவுல கருகின வத்தல் ஒரு கைப்பிடி, கீழ மூலையில ஒரு குட்டி செருப்பு ஒத்தையா. அவ்வளவு தான். இதுக்கு முன்னாடி நின்னு எங்க ஊர் அம்மா ஒருத்தங்க முந்தானையால மூக்க பொத்திக்கிட்டாங்க. பெயிண்ட் வாசனை கூட போயிருந்தது அதுல.

8. எழுத்து

ஒரு பேனலுக்கு மூணு வரிக்கு மேல கூடாது. மிச்சத்த சொல்றவங்க சொல்லட்டும். பதினஞ்சு அடி தள்ளி நின்னு வயசானவங்க ஒருத்தர படிக்க சொல்லுங்க, திணறினா எழுத்த பெருசாக்குங்க.

"விபத்து"ங்கற வார்த்தைய நாங்க எடுத்துட்டோம். அங்க இருக்கறவங்க இந்தியில "கேஸ் காண்ட்"ம்பாங்க, நம்ம தமிழ்ல "பேரழிவு"ன்னு போடலாம். ரெண்டாவது மூணாவது பேனல பாத்தப்புறமும் விபத்துன்னு எழுத கை வராது.

எழுத்துப்பிழைய வேற ஒருத்தர விட்டு பாக்க சொல்லுங்க. எழுதினவங்க கண்ணுக்கு தன் பிழை தெரியாது.

9. எடமும் அனுமதியும்

மெயின் ரோட்ல வைக்காதீங்க. அங்க யாரும் நிக்க மாட்டாங்க. ஜனங்க ஏற்கெனவே காத்துக்கிட்டு நிக்கற எடம் பாருங்க: ரேஷன் கடை வரிசை, நூலக வராண்டா, டீக்கடைய ஒட்டின மரத்தடி, பஸ் ஸ்டாண்ட் நெழல். காலையில ஒரு தடவ, சாயங்காலம் ஒரு தடவ போய் வெயில் எந்த பக்கம் அடிக்குதுன்னு பாத்துட்டு வாங்க, மொகத்துல வெயில் அடிச்சா படத்த பாக்க மாட்டாங்க.

பொது எடம்னா நகராட்சிக்கோ மாநகராட்சிக்கோ ஒரு கடிதம், போலீஸ் ஸ்டேஷனுக்கு ஒரு கடிதம், ரெண்டுலயும் நகல்ல சீல் வாங்கி கையில வச்சுக்கோங்க. ரெண்டு வாரம் முன்னாடியே குடுங்க. ஸ்கூல்னா தலைமை ஆசிரியர் கையெழுத்தோட. வாய்மொழியா சரின்னாங்கன்னு நம்பி போய் பாதியில சுருட்டிட்டு வந்திருக்கோம்.

10. சொல்றவங்க பழகறது

மொத்தம் பன்னெண்டு நிமிஷம். கையில ஒரு கோல், பேனலுக்கு பேனல் நகந்துக்கிட்டே சொல்லணும். மனப்பாடம் பண்ணி ஒப்பிக்க வேணாம், விஷயம் தெரிஞ்சா வார்த்தை தானா வரும். வீட்டுல பாட்டி தாத்தாகிட்ட மொதல்ல சொல்லி பாருங்க. மீதைல் ஐசோசயனேட்டுன்னு நாலு தடவ சொல்லாதீங்க, ஒரு தடவ போதும், அப்புறம் "அந்த வாயு".

போன வருஷம் ரேஷன் கடை பக்கத்துல ஒரு அக்கா, கையில பைய சுருட்டி வச்சுக்கிட்டு, மொத பேனல தொட்டு பாத்துட்டு "ஏம்மா, பம்புக்கு எதுக்கு செவப்பு பெயிண்ட்டு"ன்னு கேட்டாங்க. சொல்ல வந்த பொண்ணு உடனே 1984-க்கு தாவிட்டா. அந்த அக்கா கேட்டது தண்ணிய பத்தி. அவங்க "எங்க ஏரியாவுலயும் போர் தண்ணி மஞ்சளா வருது"ன்னு மெதுவா சொல்லிட்டு வரிசைக்கு போயிட்டாங்க. அவங்க குடுத்த நூல் முனைய பிடிச்சிருந்தா அன்னைக்கு அந்த தெருவே பேசியிருக்கும். கேள்வி எந்த பேனல்ல வருதோ அங்கேர்ந்து சொல்ல ஆரம்பிங்க, வரிசை எல்லாம் அதுக்கு அப்புறம்.

11. கண்டிப்பா வர்ற கேள்விகள்

"யார் பொறுப்பு?" இதுக்கு கோவமா பேசிடாதீங்க, பதிவுல இருக்கறத சொல்லுங்க. இந்திய கம்பெனியில பாதிக்கு மேல பங்கு அமெரிக்க யூனியன் கார்பைடுகிட்ட இருந்துச்சு. 2001-ல டௌ அத வாங்குச்சு. ஆலைய நாங்க நடத்தவே இல்ல, பொறுப்பு எங்களுக்கில்லன்னு டௌ சொல்லுது. கம்பெனிய வாங்கினா கடனும் சேந்து தான் வரும்னு பாதிக்கப்பட்டவங்க சொல்றாங்க. ரெண்டையும் சொல்லிட்டு நிறுத்துங்க. கோர்ட்ல நிரூபிக்காத எதையும் துணியிலயும் எழுதாதீங்க, வாயாலயும் சொல்லாதீங்க.

"எங்கயோ வடக்க நடந்ததுக்கு இங்க எதுக்கு?" இத கேக்கறவங்கள விரட்டாதீங்க. கொடைக்கானல்ல தெர்மாமீட்டர் ஆலை இருந்துச்சு. 2001-ல, பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு பழைய சாமான் கடையில குவிஞ்சு கெடந்தது வெளிய வந்து ஆலை மூடினாங்க. முன்னாள் தொழிலாளிங்க 591 பேரோட பிரச்சனையில கம்பெனி சமரசத்துக்கு வந்தது 2016-ல. பதினஞ்சு வருஷம். அந்த ஒரு எடைவெளிய சொன்னா போதும், போபால் எவ்வளவு பக்கத்துல இருக்குன்னு கேட்டவங்களுக்கே தெரியும்.

"நாங்க என்ன பண்ண முடியும்?" இதுக்கு பதில் இல்லாம கண்காட்சி வைக்காதீங்க. ஜனங்கள அழ வச்சிட்டு வெறுங்கையோட அனுப்பறது நியாயம் இல்ல.

12. கையில குடுக்க ஒரு தாள்

போபாலுக்கு அப்புறம் 1987-ல தொழிற்சாலை சட்டத்த திருத்தினாங்க. ஆபத்தான வேலை நடக்கற ஆலை, அங்க என்ன ஆபத்து இருக்கு, நடந்தா என்ன செய்யணும்னு தொழிலாளிங்களுக்கும் சுத்தி இருக்கற ஜனங்களுக்கும் சொல்லியே ஆகணும். எத்தன பேருக்கு இது தெரியும்?

அதனால அரைப் பக்கத்துல ஒரு மாதிரி மனு அடிச்சு வைங்க. தகவல் உரிமைச் சட்டத்துல, பத்து ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தொழிலக பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தோட உங்க மாவட்ட அலுவலகத்துக்கு. கேள்வி மூணு போதும்: எங்க பகுதியில ஆபத்தான கெமிக்கல் வச்சிருக்கற ஆலை எது எது, என்ன கெமிக்கல், அவசர காலத்துக்கு ஜனங்களுக்கு என்ன சொல்லி வச்சிருக்காங்க. பேர், விலாசம் எடத்த மட்டும் காலியா விடுங்க. நாங்க குடுத்த தாள்கள்ல எத்தன மனுவா போச்சுன்னு தெரியாது, ஆனா ரெண்டு பேர் வந்த பதில எடுத்துட்டு அடுத்த கண்காட்சிக்கே வந்தாங்க, அந்த பதில அப்படியே ஜெராக்ஸ் எடுத்து கடைசி பேனல் பக்கத்துல குத்தி வச்சோம்.

கூடவே ஒரு வெறும் துணியும் கரித்துண்டும் வைங்க. அவங்க ஊர்ல கெட்டுப்போன தண்ணியையோ காத்தையோ எழுதட்டும், வரையட்டும். பேர் எழுத சொல்லாதீங்க, பேர் கேட்டா பயந்து எழுத மாட்டாங்க.

13. சுருட்டி வைக்கறது

கடைசி கோட் அடிச்சு ஒரு வாரம் காயாம சுருட்டாதீங்க. படம் வெளிப்பக்கம் இருக்கற மாதிரி சுருட்டணும். எல்லாரும் உள்பக்கமா தான் சுருட்டுவாங்க, உள்பக்கமா சுருட்டினா பெயிண்ட் நெருங்கி மடிப்பு விழும். நடுவுல பழைய காட்டன் பொடவை ஒண்ண வச்சு சுருட்டுங்க, நியூஸ்பேப்பர் வேணாம், மை ஒட்டும். மழையில நனைஞ்சா அப்படியே வச்சிடாம அன்னைக்கு ராத்திரியே கொடியில போடுங்க.

ஒவ்வொரு ஊர்லயும் வந்த கேள்விய ஒரு நோட்ல தேதி போட்டு எழுதி துணியோடயே வச்சிருங்க. அடுத்த வருஷம் வர்ற எட்டு பேர் பிரஷ்ஷ தொடறதுக்கு முன்னாடி அத தான் மொதல்ல படிக்கணும். எங்க நோட்டோட கடைசி பக்கத்துல இப்போ இருக்கறது அந்த அக்கா சொன்னது: போர் தண்ணி மஞ்சளா வருது. இந்த அக்டோபர்ல அவங்க தெருவுக்கு தான் மொதல்ல போறோம், ஒம்பதாவது துணிய வெறுமையா எடுத்துக்கிட்டு.